வெளுக்காத பட்டை

என் பாட்டனுடைய காக்கிச் சட்டை அப்பாயியின் தகரப் பெட்டியில் கிடந்தது. பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாவுக்குள் இருந்த காலத்துச் சட்டை. பதக்கங்களைப் பழைய இரும்புக்காரர் எடைக்கு வாங்கிப் போய்விட்டார். சட்டையின் இடது மார்பில், பைக்கு மேலே, வெளுக்காத ஒரு பட்டை மட்டும் மிச்சம். அளந்தேன். ஒன்பதரை சென்டிமீட்டர் சொச்சம். பிரிட்டிஷ் பதக்க நாடா ஒன்றின் அகலம் 32 மில்லிமீட்டர். அப்படியென்றால் மூன்று நாடாக்கள் இருந்திருக்கின்றன. கையில் இரண்டு கோணப் பட்டைகளின் தையல் துளைகள். ஒன்று லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். ஊர்த்தெருவில் சட்டை போட்டு நடக்க முடியாத மனிதர், பட்டாளத்தில் நாயக்.

தோழர்களே, நம் வீடுகளில் ஆவணம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கும். நாடா தப்பியிருந்தால் வேலை சுலபம். பார்ப்பவருக்கு இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் சம அகலத்தில் இருந்தால் 1939-45 ஸ்டார். நடுவில் சிவப்பு, இருபுறமும் ஆரஞ்சு, ஓரங்களில் கருநீலம் என்றால் பர்மா ஸ்டார். மணல் நிறம் தூக்கலாக இருந்தால் ஆப்பிரிக்கா.

முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தில்தான் நமக்கு முக்கியமான சேதி இருக்கிறது. சிப்பாய்க்கு அது வெள்ளியில் தரப்பட்டது. இந்திய லேபர் கோர் ஆட்களுக்கும் சுமை தூக்கிய பின்தொடர் பணியாளர்களுக்கும் அதே பதக்கம் வெண்கலத்தில். செம்பு நிறமாக இருக்கிறதே, போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போர்க்களத்திலும் உழைப்புக்குத் தனித் தட்டு வைத்திருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. வெள்ளி அடகுக்கடைக்குப் போனது. வெண்கலத்துக்கு யார் பணம் தருவார்? அதனால் சில வீடுகளில் அது தப்பித்திருக்கிறது.

வெள்ளைக்காரன் சமத்துவம் தந்தான் என்று பாட இதைச் சொல்லவில்லை. மெட்ராஸ் சாப்பர்ஸ், மெட்ராஸ் பயனியர்ஸ் படைகளில் பறையர் பெருமளவில் இருந்தார்கள். 'வீர இனம்' என்ற கொள்கை வந்ததும் தென்னாட்டுப் படைகள் சுருங்கின. 1933இல் பயனியர் படைகளையே கலைத்தார்கள். மராட்டியத்தில் மகர்களுக்கு ராணுவக் கதவு அதற்கும் முன்பே சாத்தப்பட்டிருந்தது. அண்ணலின் தந்தை ராம்ஜி சுபேதாராக இருந்த அதே ராணுவம். அடுத்த போர் வந்ததும் ஆள் தேவைப்பட்டது, கதவு திறந்தது.

தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் முதல் போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள் என்று கல் பதித்திருக்கிறார்கள். எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. ஈராக்கின் பாஸ்ரா நினைவுச்சின்னத்திலும் வெள்ளையருக்குப் பெயர் பொறித்தார்கள், இந்தியச் சிப்பாய்களை எண்ணிக்கையில் அடக்கினார்கள்.

பதக்கத்தின் விளிம்பு அப்படியில்லை. இந்தியச் சிப்பாய்களுக்குத் தந்த பதக்கங்களில், பொடி ஆங்கில எழுத்தில், எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் இருக்கும். எஸ்.பி.ஆர். என்றிருந்தால் சாப்பர். ஆகவே புளி போட்டுத் தேய்க்காதீர்கள், விளிம்பு அழிந்துவிடும். சட்டையைத் துவைக்காதீர்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். யார் வீட்டில், யார் சொல்லக் கேட்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். விளிம்பில் இருக்கும் பெயர் எவ்வளவு தப்பும் தவறுமாக இருந்தாலும், திருத்தாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.