கயானாவில் பக்வா பண்டிகை

பக்வா என்பது தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள கயானா நாட்டில் ஹோலிப் பண்டிகைக்கு வழங்கும் பெயராகும். பால்குன மாதப் பௌர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் மார்ச் மாதத்தில் இது வருகிறது. போஜ்புரி மொழியில் பால்குனத்தைப் பாகுன் என்பர். பக்வா என்ற பெயர் அதிலிருந்து பிறந்தது. பங்குனி என்ற தமிழ் மாதப் பெயருக்கும் இதுவே வேர். கயானாவில் பக்வா அரசு விடுமுறை நாளாகும்.

வரலாறு

பிரித்தானியக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1838 மே 5 அன்று விட்பி, ஹெஸ்பெரஸ் என்னும் இரு கப்பல்கள் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை முதன்முதலாகக் கயானாவில் கொண்டு சேர்த்தன. 1917 வரை ஏறத்தாழ 2,39,000 பேர் இவ்வாறு வந்தனர். பெரும்பாலோர் இன்றைய பீகார், உத்தரப் பிரதேசப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் சிறு தொகையினராக வந்தனர். ஹோலியைக் கொண்டுவந்தவர்கள் வட இந்தியர்களே.

வசந்தம் இல்லாத நாட்டில் வசந்த விழா

வட இந்தியாவில் ஹோலி, குளிர்காலம் முடிந்து கோதுமை முற்றும் பருவத்தில் வருகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயானாவிலோ குளிர்காலமும் இல்லை, வசந்தமும் இல்லை. மழைக்காலமும் வறண்ட காலமும் மாறி மாறி வருகின்றன. ஆகவே பண்டிகையின் பருவப் பொருள் அங்கே மறைந்தது. நிலவைக் கணக்கிட்டு நாளை மட்டும் தவறாமல் காத்துவந்தனர்.

மறைந்த பொருளின் இடத்தில் வேறொன்று வந்தது. ஒரே கப்பலில் வந்தவர்கள் ஒருவரையொருவர் 'ஜஹாஜி பாய்', அதாவது கப்பல் சகோதரன், என அழைத்து உறவு கொண்டாடினர். கப்பலிலும் தோட்டக் குடியிருப்பிலும் சாதிக் கட்டுகள் தளர்ந்தன. யார் மீதும் யாரும் வண்ணம் பூசலாம் என்ற ஹோலி வழக்கம் இந்தப் புதிய வாழ்வுக்குப் பொருந்தியது. இன்று ஆப்பிரிக்க வம்சாவளியினரும் பிற சமயத்தவரும் இதில் கலந்துகொள்கின்றனர்.

கொண்டாடும் முறை

பண்டிகைக்குச் சில வாரங்கள் முன்பே ஓர் ஆமணக்குச் செடியை நட்டு, அதைச் சுற்றி விறகு அடுக்குவர். பக்வாவின் முந்தைய இரவில் அதற்குத் தீ மூட்டுவர். பிரகலாதனைக் கொல்ல முயன்ற ஹோலிகை தானே எரிந்த கதையை இது நினைவூட்டுகிறது. மறுநாள் அபீர் எனப்படும் செந்நிறச் சாய நீர், வண்ணப்பொடி, வாசனைத் தூள் ஆகியவற்றை ஒருவர் மீது ஒருவர் தூவுவர். தேங்காய்ப் பூரணம் வைத்த கோஜா என்ற இனிப்பு வீடுதோறும் செய்யப்படும்.

சவுதால் பாடல்கள்

பாடகர்கள் எதிரெதிராக இரு வரிசையில் அமர்ந்து, டோலக், ஜால்ரா ஒலிக்க மாறி மாறிப் பாடுவது சவுதால். மெதுவாகத் தொடங்கி வேகம் கூடிக்கொண்டே போவது இதன் இயல்பு. கயானாவில் போஜ்புரி இன்று அன்றாடப் பேச்சுமொழி அல்ல. வீடுகளில் பேசுவது ஆங்கிலம் கலந்த கிரியோல். ஆகவே இளைஞர் பலர் பொருள் முழுதும் விளங்காமலே, ரோமன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகின்றனர். மொழி போனபின்னும் மெட்டும் தாளமும் நிற்கின்றன. ஆனால் பொருள் தெரியாமல் பாடப்படும் பாட்டில் புதிய அடிகள் பிறப்பது அரிது. இம்மரபின் பெரிய சவால் இதுவே.

நியூயார்க்கில்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கயானா மக்கள் பெருந்தொகையாக வட அமெரிக்காவுக்குப் பெயர்ந்தனர். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியிலுள்ள ரிச்மண்ட் ஹில்லில் பக்வா ஊர்வலம் நடைபெறுகிறது. வேலைக்குச் செல்வோரின் வசதிக்காக ஞாயிற்றுக்கிழமையில் வைக்கப்படும் இவ்வூர்வலத்தில் பலர் குளிராடை மீதே வண்ணம் பூசிக்கொள்கின்றனர். இவ்வாறு பக்வா, குளிர்காலம் முடியும் ஒரு நிலத்தை மீண்டும் அடைந்துள்ளது.

தமிழ் மரபில் ஒப்புமை

தமிழ்நாட்டில் மாசி மாதத்தில் நடைபெறும் காமன் பண்டிகையும் எரிப்புச் சடங்குடன் முடிகிறது. அதைத் தோட்டத் தொழிலாளர்களாகச் சென்ற தமிழர்கள் இலங்கை மலையகத்துக்கு எடுத்துச் சென்றனர். அங்கே அது காமன் கூத்தாக இன்றும் ஆடப்படுகிறது. ஊரை விட்டுச் சென்ற உழைப்பாளிகள் விழாவைக் கைவிடவில்லை என்பதில் கரும்புத் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் ஒன்றே.