ஈரலும் மனசும் ஒன்றுக்கொன்று ஜாமீன்

"ஈரல்ல கொழுப்பு இருக்குன்னு ஸ்கேன்ல வந்துச்சுங்க. அதனால ஒண்ணுமில்லையாம்." நம் கூட்டங்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. உலகத்தில் பெரியவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு இந்த 'ஃபேட்டி லிவர்' இருப்பதாகக் கணக்கு. குடிப்பவர்களுக்கு மட்டும் வரும் நோய் என்று நினைத்த காலம் போய்விட்டது. சர்க்கரை, உடல் எடை, இரத்தக் கொழுப்பு போன்ற கோளாறுகளோடு சேர்ந்தே வருவதால் 2023-ல் மருத்துவ உலகம் இதன் பெயரையே மாற்றியது. மத்திய அரசும் 2021-ல் இதைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தோடு இணைத்தது. வலிக்காத நோய் என்பதால் நாம்தான் கண்டுகொள்வதில்லை.

எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு வயது 52. போன வருஷம் ஸ்கேனில் 'கிரேடு 2' என்று வந்தது. அதே சமயத்தில் ஆளும் மாறிப்போனார். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். எழுந்திருக்க மனசு வராது. மஞ்சளுக்குக் களையெடுக்க ஆள் வந்து நிற்பார்கள், இவர் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார். "என்னமோ போங்கண்ணா, காட்டுக்குப் போகவே புடிக்கலீங்க" என்றார். வீட்டில் சோம்பேறித்தனம் என்றார்கள். சொந்தக்காரர்கள் கடன் கவலை என்றார்கள். ஈரலையும் மனசையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் அரசு மருத்துவமனையில் ஒரு மருத்துவர்தான் இரண்டையும் ஒன்றாகப் பார்த்தார். அதன்பிறகு நான் தேடிப் படித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கல்லீரல் ஒரு கிளை வங்கி

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் வங்கியாகத்தான் தெரிகிறது! நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் சுமார் 100 கிராம் அளவைக் கல்லீரல் கிளைகோஜனாக வைத்துக்கொள்கிறது. அது கையிருப்பு ரொக்கம். அதற்கு மேல் வருவதைக் கொழுப்பாக மாற்றி வெளியே அனுப்பும். செலவில்லாமல் வரவு மட்டும் வந்துகொண்டே இருந்தால் கொழுப்பு ஈரலுக்குள்ளேயே தேங்கிவிடும். 5 சதவீதத்தைத் தாண்டினால் அது நோய். பலருக்கு அந்த அளவிலேயே நிற்கும். சிலருக்கு அழற்சியாகி, தழும்பாகி, கடைசியில் ஈரல் சுருங்கிப்போகும்.

"நான் ஒல்லிதானே" என்று இருந்துவிட முடியாது. நம்மவர்களுக்குக் கை கால் மெலிந்து, வயிறு மட்டும் பெருத்திருப்பது வழக்கம். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

மூளைக்குப் போகும் வாய்க்கால்கள்

காய்ச்சல் வந்தால் எப்படி இருக்கும்? சோறு பிடிக்காது, பேசப் பிடிக்காது, படுத்தே கிடக்கத் தோன்றும். கிருமியோடு சண்டை போடும்போது உடம்பு வெளியிடும் 'சைட்டோகைன்' என்ற இரசாயனத் தூதுகள் மூளையில் செய்யும் வேலை அது. அழற்சியான ஈரலும் தொப்பைக் கொழுப்பும் இதே தூதுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, வருஷக்கணக்கில் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. இது மனசைப் பாதிக்குமா என்பதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. ஹெபடைடிஸ்-சி நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரான் ஊசி போடுவார்கள். இன்டர்ஃபெரானும் ஒரு சைட்டோகைன்தான். அதுவரை நன்றாக இருந்தவர்களிலும் கணிசமானோருக்கு அந்த ஊசியால் மனச்சோர்வு வந்தது.

அடுத்தது டிரிப்டோபான். பருப்பு, பால், முட்டையில் கிடைக்கும் இந்தச் சத்திலிருந்துதான் மனநிலையைச் சீராக வைக்கும் செரட்டோனினை மூளை தயாரிக்கிறது. அழற்சி கூடும்போது டிரிப்டோபான் வேறு மடைக்கு அதிகமாகத் திரும்பிவிடுகிறது. அந்த மடையில் உண்டாகும் சில பொருட்கள் நரம்புகளுக்கு ஆகாதவை.

மனசிலிருந்து ஈரலுக்கும் வாய்க்கால் உண்டு. நீண்ட நாள் கவலையிலும் சோர்விலும் கார்ட்டிசால் சுரப்பு கூடலாம். அது இரத்தச் சர்க்கரையை ஏற்றும், வயிற்றில் கொழுப்பைச் சேர்க்கும், இன்சுலினை மந்தமாக்கும். கூடவே தூக்கம் கெடும், நடை குறையும், இனிப்பு மேல் ஆசை வரும். சிலர் குடியில் ஆறுதல் தேடுவார்கள். எல்லாச் சுமையும் ஈரல் தலையில்.

இரண்டுக்கும் நடுவில் குடல். ஈரலுக்கு வரும் இரத்தத்தில் முக்கால் பங்கு குடல் பக்கத்திலிருந்துதான் வருகிறது. குடல் சுவர் பலவீனமானால் பாக்டீரியாக் கழிவுகள் நேராக ஈரலுக்கு வந்து அழற்சியைக் கிளப்பும். மண்ணுயிர்களின் அருமை தெரிந்த நமக்குக் குடல் உயிர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வங்கியில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் ஜாமீன் போட்டுக் கடன் வாங்குவார்கள். ஒருவர் நொடித்தால் மற்றவரும் நொடிப்பார். ஈரலும் மனசும் அப்படித்தான். ஈரலில் கொழுப்பு உள்ள எல்லோருக்கும் மனச்சோர்வு வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒன்று இருந்தால் மற்றதையும் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

நமக்குள் பேச வேண்டிய இரண்டு விஷயம்

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் நல்லதுதான் என்று அள்ளிப் போட்டுக்கொள்கிறோம். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ். அதில் பாதி ஃபிரக்டோஸ். தேனிலும் ஃபிரக்டோஸ் நிறைய. அதைக் கையாளும் வேலை பெரும்பாலும் ஈரலுடையது. நஞ்சில்லாமல் விளைந்த கரும்பென்று ஈரல் சலுகை தராது. மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் நார்ச்சத்து உள்ளவை. அதற்காகத் தட்டு நிறையச் சோறும் அரைக் கரண்டிப் பொரியலுமாகச் சாப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

இரண்டாவது, கஷாயம். ஈரல் என்றதும் மூலிகையை அரைத்து மாதக்கணக்கில் குடிப்பவர்கள் நம்மிடையே உண்டு. சீந்தில் கஷாயம் குடித்துவந்த சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்ததை 2021-ல் மும்பை மருத்துவர்கள் ஆய்விதழில் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த வழக்கு எப்படியும் போகட்டும்; ஏற்கெனவே நொந்திருக்கும் ஈரலில் நாமாகப் பரிசோதனை செய்ய வேண்டாம். சித்த மருத்துவரோ அலோபதி மருத்துவரோ, படித்தவர் மேற்பார்வையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடியவை

எடை கூடியவர்கள் 5 சதவீதம் குறைத்தாலே ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் அழற்சியும் தணியும். 80 கிலோ ஆளுக்கு இது 6 முதல் 8 கிலோ. ஆறேழு மாதத்தில் நிதானமாகக் குறைத்தால் போதும். "நாள் பூரா தோட்டத்துலதானே இருக்கேன்" என்பார்கள். பைக்கில் வந்து, மோட்டார் போட்டு, கட்டிலில் உட்கார்ந்தால் அது உழைப்பில் சேராது. தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். ஈரலுக்கும் மனசுக்கும் ஒரே மருந்து அது.

சாப்பாடும் அப்படித்தான். 2017-ல் ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு உள்ள 67 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்குக் காய்கறி, பழம், பயறு, முழுதானியம், மீன், கொட்டைகள் நிறைந்த உணவைச் சொல்லிக்கொடுத்தார்கள். 12 வாரத்தில் அவர்களில் 32 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள். மற்ற பகுதியினரில் 8 சதவீதம்தான். ஆய்வு சிறியது. ஆனால் அந்தப் பட்டியலில் மீன் தவிர மற்றதில் பெரும்பாலானவை நம் தோட்டத்திலேயே விளையக்கூடியவை!

பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு உணவு, நடையோடு மனச்சோர்வுக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். நாலு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்திருக்கிறார். தூக்கம் திரும்பியிருக்கிறது. மாத்திரை இன்னும் தொடர்கிறது. மனநல மாத்திரைகளில் சில எடையைக் கூட்டும். அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

உங்களையோ வீட்டில் உள்ளவரையோ இரண்டு கேள்வி கேளுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாட்கள் மனசு சோர்ந்தே இருந்ததா? எப்போதும் பிடித்த வேலையில் நாட்டமே இல்லாமல் போனதா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். 14416 என்ற எண்ணில் அரசின் டெலிமானஸ் சேவை இரவு பகலாக, கட்டணமில்லாமல், தமிழிலேயே கிடைக்கிறது.

அடுத்த முறை ஸ்கேன் ரிப்போர்ட்டோடு மருத்துவரிடம் போகும்போது தூக்கத்தையும் மனசையும் பற்றிச் சேர்த்துச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் ஈரலையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.