காத்திருப்பும் பயிற்சியே



கூடைப்பந்தாட்டத்தில் ஓர் அணிக்கு ஐவரே களத்தில் நிற்பர். ஏனையோர் வாங்கில் அமர்ந்திருப்பர். "என் பிள்ளையை ஏன் இறக்கவில்லை?" எனப் பெற்றோர் மனம் வெதும்புகின்றது. இன்றே வெல்லவேண்டும் என்னும் நெருக்குதல் பயிற்றுவிப்பாளரை வாட்டுகின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே, இன்னும் வளரவேண்டிய பிள்ளை காத்திருக்கின்றது.

இவ்விளையாட்டு 1891ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரிலிருந்த கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிக் கல்லூரியிலே பிறந்தது. இதனை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் பயின்றவர். இளைஞரைப் பண்படுத்தப் பிறந்த விளையாட்டு, அவர்களை அவசரப்படுத்தி நசுக்கும் கருவியாகலாமா?

லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணியை 1948இல் பொறுப்பேற்றவர் ஜோன் வுடன். தேசிய சம்பியன் பட்டம் அவர் கைக்கு எட்டியது 1964இலே. அது அவரது பதினாறாவது பருவம். அதுமுதல் 1975 வரையில் மொத்தம் 10 பட்டங்களை அவரது அணி வென்றது. வெற்றிக்கான பண்புகளை அவர் ஒரு கூம்பகமாக வரைந்தபோது, அதன் உச்சியில் நம்பிக்கையையும் பொறுமையையும் வைத்தார்.

அவரது பொறுமை கைகட்டி இருத்தல் அன்று. பருவத்தின் முதற் பயிற்சியில், காலுறையைச் சுருக்கமின்றி அணிவதையும் சப்பாத்தை இறுகக் கட்டுவதையும் அவர் கற்பித்தார். சுருக்கம் கொப்புளத்தைத் தரும். கொப்புளம் பயிற்சியைத் தடுக்கும். சிறியவற்றை நாள்தோறும் செம்மையாகச் செய்வதே அவர் கண்ட வழி.

அவரது அணியில் ஸ்வென் நேட்டர் என்னும் இளைஞர் இருந்தார். அவரது இடத்தில் ஆடியவரோ புகழ்பெற்ற பில் வோல்டன். ஆதலால் அப்பல்கலைக்கழகத்தின் எந்தவோர் ஆட்டத்திலும் தொடக்க ஐவருள் நேட்டர் இடம்பெறவில்லை. ஆயினும் பயிற்சியில் தினமும் வோல்டனை எதிர்த்தாடியே அவர் வளர்ந்தார். 1973இல் தொழில்முறை அணித் தெரிவின் முதற் சுற்றிலேயே தெரிவானார். 1979-80 பருவத்தில், வளையத்தில் பட்டு மீளும் பந்தைக் கைப்பற்றுவதில் என்.பி.ஏ. தொடரின் முதல்வராகத் திகழ்ந்தார்.

வாங்கில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் நேட்டர் ஆகிவிடுவர் என்பதன்று இதன் பொருள். பதின்மூன்று வயதுடைய இருவருள் ஒருவர் உடலால் வாலிபராகவும் மற்றவர் சிறுவராகவும் இருக்கக்கூடும். திடீரென உயரும் பிள்ளை சிலகாலம் பந்தைத் தடுமாறிக் கையாளுவதும் இயல்பே. அன்றைய உயரத்தை மட்டும் நோக்கித் தீர்ப்பிட்டால், பின்னர் மலரவிருந்த திறமையை முளையிலேயே கிள்ளியவர்களாவோம். காத்திருக்கும் பிள்ளைக்கும் பயிற்சியில் முழுப் பங்கும், திருத்தும் சொல்லும், ஆட்டங்களில் சில நிமிடங்களேனும் கிடைக்கவேண்டும். இவை இல்லாத காத்திருப்பு வெறும் புறக்கணிப்பே.

கனிதராத அத்திமரத்தை வெட்டச் சொன்ன உரிமையாளரிடம் தோட்டத் தொழிலாளி அவகாசம் கேட்ட உவமையை நாம் அறிவோம். அவர் அவகாசம் மட்டும் கேட்கவில்லை. கொத்திவிட்டு எருவும் இடுவதாக வாக்களித்தார். அடுத்த ஆட்டம் முடிந்து பிள்ளை வீடு திரும்புகையில், "எத்தனை புள்ளி எடுத்தாய்?" என்பதற்கு முன்னே, "இன்று என்ன கற்றாய்?" என்று கேட்போமாக. நாம் இடக்கூடிய எரு அதுவே.