கடல் கடந்த சாம்பல்

ஆந்திர மாநிலத்தில் ஜ்வாலாபுரம் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே நிலத்தைத் தோண்டினால் வெண்ணிறச் சாம்பல் கிடைக்கிறது. துலக்கும் தூள் செய்வதற்காக அதை வெட்டி எடுத்திருக்கின்றனர். ஆனால் அவ்வூரின் அருகில் எரிமலை ஏதும் இல்லையே! பின் எங்கிருந்து வந்தது அச்சாம்பல்?

சுமார் 2,600 கி.மீ. தொலைவில், இந்தோனேசியாவின் சுமத்ரா தீவிலுள்ள தோபா எரிமலையிலிருந்து வந்தது! ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தது. அப்போது நிலம் உள்வாங்கிய பெரும்பள்ளம் இன்று 100 கி.மீ. நீளமுள்ள தோபா ஏரியாக விளங்குகிறது.

எரிமலைச் சாம்பல் விறகுச் சாம்பல் போன்றதன்று. சோடாப் புட்டியைத் திறந்ததும் நுரை பொங்குகிறதல்லவா? அதுபோலப் பாறைக் குழம்பில் கரைந்திருந்த வாயுக்கள் அழுத்தம் குறைந்ததும் குமிழ்களாகப் பொங்கிக் குழம்பைச் சிதறடிக்கின்றன. சிதறிய துளிகள் நொடியில் குளிர்ந்து நுண்ணிய கண்ணாடிச் சில்லுகளாகின்றன. அவையே சாம்பல்.

வெப்பத்தால் இச்சாம்பல் பல கி.மீ. உயரம் எழுந்து, மழை மேகங்களுக்கும் மேலுள்ள படை மண்டலத்தை அடைகிறது. பருமனான துகள்கள் அருகிலேயே விழுந்துவிடும். நுண்துகள்களோ மெல்லவே இறங்கும். அவற்றைக் கழுவி இறக்க அங்கே மழையும் இல்லை. ஆகவே காற்று அவற்றை நெடுந்தொலைவு சுமந்து செல்கிறது. இந்தியாவில் விழுந்த சாம்பல் சில செ.மீ. கனமே இருக்கும். மழைநீர் அதைப் பள்ளங்களில் கொண்டு சேர்த்ததால், ஜ்வாலாபுரத்தில் சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் மேல் படிந்துள்ளது.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிப் படிவிலும், சுமார் 9,000 கி.மீ. அப்பால் தென்னாப்பிரிக்கக் கடற்கரையிலும் கண்ணுக்குத் தெரியாத தோபாச் சில்லுகள் அகப்பட்டுள்ளன. ஒவ்வொரு வெடிப்பின் கண்ணாடிக்கும் தனி வேதியியல் சேர்க்கை உண்டு. கைரேகையைப் போல அதைக் கொண்டே அறிஞர்கள் அடையாளம் காண்கின்றனர்.

இச்சாம்பலால் என்ன பயன் என்கிறீர்களா, தோழியரே? அது பூமியின் ஏட்டில் இட்ட தேதி முத்திரை! தோபா வெடிப்பால் மனித இனமே அழியும் நிலைக்கு வந்தது எனச் சில அறிஞர்கள் கருதினர். ஆனால் ஜ்வாலாபுரத்தில் சாம்பலுக்குக் கீழும் மேலும் ஒத்த வகைக் கற்கருவிகள் கிடைத்ததாக 2007-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். தென்னாப்பிரிக்காவிலும் மக்கள் தொடர்ந்து வாழ்ந்தனர் என்பதை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது.

வானம் இருண்டு சாம்பல் பொழிந்த பின்னும் மனிதன் பிழைத்திருந்தான். அதற்குச் சாட்சி சொல்வதும் அதே சாம்பல்தான்!