கடன் அறிக்கையில் தவறு இருந்தால் திருத்துவது எப்படி?

சம்பா நடவுக்குப் பயிர்க்கடன் கேட்டு வங்கிக்குப் போகிறோம். சிட்டா, அடங்கல் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் மேலாளர் கணிப்பொறியைப் பார்த்துவிட்டு, "உங்கள் சிபில் சரியில்லையே, பழைய பாக்கி காட்டுகிறதே" என்கிறார். அந்தப் பாக்கியை அடைத்து மூன்று வருடம் ஆகியிருக்கும். நாற்று முற்றிப் போகுமே என்று வெளியில் வட்டிக்கு வாங்கி நடவை முடிக்க வேண்டி வருகிறது.

சிபில் என்பது ஒரு கம்பெனியின் பெயர். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் கடன் தகவல் கம்பெனிகள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். நாம் வாங்கிய கடன், கட்டிய தவணை, வைத்த பாக்கி ஆகியவற்றை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இவற்றுக்கு அனுப்புகின்றன. அதை வைத்து 300 முதல் 900 வரை மதிப்பெண் போடப்படுகிறது. இத்தனை மதிப்பெண் இருந்தால்தான் கடன் என்று ரிசர்வ் வங்கி வரம்பு எதுவும் வைக்கவில்லை. அது அந்தந்த வங்கியின் முடிவு.

முதலில் அறிக்கையைக் கையில் வாங்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கைப்பேசியில் இணையம் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களே எடுத்துத் தருவார்கள். வங்கி பார்த்த அறிக்கையின் நகலை அந்த வங்கியிடமே கேட்டுப் பெறவும் சட்டத்தில் இடம் உண்டு. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். நம்பிக்கையான ஒருவரை வரிவரியாகப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

நம் பக்கத்தில் பெயரால் வரும் குழப்பம் சாதாரணமானது. ஒரே ஊரில் ஒரே தலைப்பெழுத்தோடு இரண்டு முருகேசன் இருப்பார்கள். ஒரு வங்கியில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். இன்னொன்றில் தகப்பனார் பெயர் முழுதாக இருக்கும். பான் அட்டை எண் கொடுக்காத பழைய கணக்கு என்றால், மற்றவர் கடன் நம் பேரில் ஏறிவிட வாய்ப்பு உண்டு. ஆகவே பிறந்த தேதி, முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவற்றை முதலில் சரிபார்க்கவும். அடுத்து நகைக்கடன். வருடா வருடம் திருப்பி வைக்கும்போது புதுக் கணக்கு எண் விழுகிறது. பழைய எண்ணை முடித்ததாக வங்கி தெரிவிக்காவிட்டால் ஒரே நகைக்கு இரண்டு கடன் காட்டும். வீட்டுப் பெண்கள் குழுவில் வாங்கிய கடனையும் இதே போல் பார்க்க வேண்டும்.

எல்லாமே தவறு என்று எண்ணிவிடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் போட்ட ஜாமீன் நம் அறிக்கையில் வருவது முறைதான். வட்டியில் தள்ளுபடி வாங்கி ஒரே தவணையில் தீர்த்த கடன், 'குளோஸ்டு' என்று வராமல் 'செட்டில்டு' என்றுதான் வரும். பணம் கொடுத்தால் சிபிலைக் கூட்டித் தருகிறோம் என்று வருகிறவர்களை நம்ப வேண்டாம். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. அவர்களிடம் ஓ.டி.பி. எண்ணையும் சொல்லிவிடக் கூடாது.

தவறு உறுதியானால் கடன் தகவல் கம்பெனிக்கும், கடன் கொடுத்த வங்கிக்கும் தனித்தனியே எழுத வேண்டும். கம்பெனி தானாக எதையும் மாற்றாது. வங்கி தன் பதிவைத் திருத்தி அனுப்பினால்தான் மாறும். இது தெரியாமல் கம்பெனிக்கு மட்டும் எழுதிக் காத்திருப்பவர்கள் உண்டு. மனுவில் கணக்கு எண், தவறான வரி எது, சரியான விவரம் என்ன என்பதை மட்டும் எழுதினால் போதும். பணம் கட்டிய ரசீது, நகை மீட்ட சீட்டு, பாக்கி இல்லை என்ற சான்று இவற்றின் நகலை இணைக்கவும். அசலைக் கொடுக்க வேண்டாம். வங்கியில் நேரில் கொடுத்தால் நம் பிரதியில் தேதியுடன் முத்திரை வாங்க வேண்டும். இந்த முத்திரைதான் பின்னால் பேசும்.

ஏனென்றால் கெடு 30 நாள். அதற்குள் திருத்தாவிட்டால், தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு இழப்பீடாகத் தர வேண்டும். 2024 ஏப்ரல் 26 முதல் இந்த ரிசர்வ் வங்கி விதி நடைமுறையில் இருக்கிறது. வங்கி 21 நாளுக்குள் திருத்த விவரத்தை அனுப்பத் தவறினால் வங்கி தரும். வங்கி அனுப்பியும் கம்பெனி தாமதித்தால் கம்பெனி தரும். தேதி போட்ட அத்தாட்சி இல்லாமல் இதைக் கேட்பது சிரமம்.

30 நாள் கழித்தும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் செலவில்லாமல் புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் மீது குறை என்றால் அங்கே எடுத்துக் கொள்ள மாட்டார்கள். கூட்டுறவுச் சரக துணைப்பதிவாளரிடம் மனுச் செய்ய வேண்டும்.

எனவே நடவுக்கு இரண்டு மாதம் முன்பாகவே அறிக்கையை எடுத்துப் பார்ப்பது நல்லது. திருத்தியாயிற்று என்று கடிதம் வந்ததும் அதன் நகலை மேலாளரிடம் கொடுத்து, அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லவும். ஒரு கம்பெனியில் திருத்தம் ஏறி, இன்னொன்றில் பழைய பாக்கியே நிற்பதும் உண்டு. உங்கள் வங்கி எந்தக் கம்பெனியின் அறிக்கையைப் பார்க்கிறது என்பதையும் அப்போதே கேட்டுக் கொள்ளுங்கள்.