தொலைத்தொடுகோடும் ஒரு சர்வரும்

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் போன வாரம் ஒரு கணக்கோடு வந்தாள். விகிதமுறு சார்பு ஒன்றின் வெட்டுத்துண்டுகளையும் தொலைத்தொடுகோடுகளையும் கண்டுபிடிக்கணும். "இதெல்லாம் யாருக்குப்பா வேணும்?" என்று கூடவே ஒரு கேள்வி. கணக்கு இது:

(2எக்ஸ்² − 8) / (எக்ஸ்² − எக்ஸ் − 2)

பகுதி பூச்சியமாகும் இடத்தை முதலில் பார் என்பார்கள். நான் அதற்கும் முன்னால் இரண்டையும் காரணிப்படுத்தச் சொல்வேன்:

2(எக்ஸ் − 2)(எக்ஸ் + 2) / [(எக்ஸ் − 2)(எக்ஸ் + 1)]

எக்ஸ் அச்சை 2-லும் −2-லும் வெட்டும் என்று மகள் எழுதியிருந்தாள். செங்குத்துத் தொலைத்தொடுகோடுகள் 2-லும் −1-லும். ஒரே 2 இரண்டு பட்டியலிலும்! ஒரே இடத்தில் அச்சையும் வெட்டி, வானத்துக்கும் பறக்க எந்த வளைவாலும் முடியாது. (எக்ஸ் − 2) மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது. அந்த இடத்தில், 8/3 உயரத்தில், வளைவில் ஒரு பொத்தல். அவ்வளவுதான்.

மிச்சம் 2(எக்ஸ் + 2)/(எக்ஸ் + 1). இனி சுலபம். தொகுதி பூச்சியமாவது −2-ல், அது எக்ஸ் வெட்டுத்துண்டு. எக்ஸுக்குப் பூச்சியம் போட்டால் வரும் 4 ஒய் வெட்டுத்துண்டு. பகுதி பூச்சியமாகும் −1-ல் செங்குத்துத் தொலைத்தொடுகோடு. எக்ஸ் கோடிக்கணக்கில் போனால் அந்த +2, +1 எல்லாம் தூசு, மிஞ்சுவது 2. அதுதான் கிடைமட்டக் கோடு. தொகுதியின் படி பகுதியின் படியைவிடக் குறைவு என்றால் கிடைமட்டக் கோடு எக்ஸ் அச்சேதான். ஒன்று அதிகம் என்றால் சாய்ந்த கோடு, வகுத்துப் பார்த்தால் கிடைக்கும்.

"தொலைத்தொடுகோட்டை வளைவு தொடவே தொடாது" என்று பி.இ. முடிக்கும்வரை நானும் நம்பிக்கொண்டிருந்தேன். செங்குத்துக்குச் சரி, கிடைமட்டத்துக்குத் தப்பு. எக்ஸ்/(எக்ஸ்² + 1) என்ற சார்பு தன் கிடைமட்டக் கோட்டை ஆதிப்புள்ளியில் நன்றாக வெட்டிவிட்டுத்தான் பிறகு மெதுவாக அதன்மேல் படியப் போகிறது.

சரி, யாருக்கு வேணும்? எனக்கு வேண்டியிருந்தது. பல வருஷங்களுக்கு முன் வேலை பார்த்த இடத்தில் எங்கள் சர்வர் நொடிக்கு ஏறத்தாழ 100 கோரிக்கைகளைக் கவனிக்கும். வருவது 90. "இன்னும் பத்து சதவீதம் சும்மாத்தானே இருக்கு, விழா விற்பனையைத் தாங்கும்" என்று மீட்டிங்கில் சொன்னது நான்தான்.

வரிசைக் கோட்பாட்டின் ஆரம்பப் பாடமே இதுதான். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் 1909-ல் தொடங்கிவைத்த துறை. ஒரே சர்வர், கோரிக்கைகள் தாறுமாறான இடைவெளியில் வருகின்றன, ஒவ்வொன்றும் எடுக்கும் நேரமும் தாறுமாறு என்று வைத்துக்கொண்டால், சராசரியாக

பதில் நேரம் = 1 / (100 − வருகை) நொடி

வருகை பூச்சியத்தை நெருங்கினால் 0.01 நொடி. அதுதான் வெட்டுத்துண்டு, சர்வர் ஆளில்லாத நேரத்தில் காட்டும் வேகம். தொகுதி வெறும் 1, அது பூச்சியமாகவே ஆகாது, ஆகவே இன்னொரு வெட்டுத்துண்டு கிடையாது. வருகை 50 ஆனால் 0.02 நொடி. 90-ல் 0.1. 98-ல் 0.5. 99-ல் முழுசாக ஒரு நொடி. 100-ல் செங்குத்துத் தொலைத்தொடுகோடு. அதைத் தாண்டினால் சூத்திரம் எதிர்ம நேரம் காட்டும், அதற்கு அர்த்தம் இல்லை. நிஜத்தில் வரிசை நீண்டுகொண்டே போகும்.

விற்பனையன்று வருகை 90-லிருந்து 98-க்குப் போனது, ஒன்பது சதவீதம்கூடக் கூடவில்லை. பதில் நேரம் பல மடங்கு ஏறியது. காத்திருந்தவர்கள் பொறுமையிழந்து மறுபடி மறுபடி பட்டனை அழுத்த, அதுவும் வருகையாகச் சேர்ந்து 100-ஐத் தாண்டிவிட்டது. ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தோம்.

இப்போது எச்சரிக்கையை 70-ல் வைக்கிறேன். "முப்பது சதவீதம் வீணாகுதே?" என்று யாராவது கேட்டால் அந்த வளைவைத் தாளில் வரைந்து காட்டுவேன். மகளுக்கும் அதையேதான் வரைந்து காட்டினேன். "அப்போ 100-ல பொத்தல் இல்லையா?" என்று கேட்டாள். இல்லை, அங்கே அடிபட்டுப் போக மேலே எதுவும் இல்லை.