காலி மாத்திரை அட்டையும் மருந்தாளுநரும்

வெள்ளம் வந்தாலும் கொள்ளைநோய் வந்தாலும் மருந்தாளுநர் மூன்று கணக்குகளைக் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது: என்ன மருந்து எவ்வளவு இருக்கிறது, அதை யாருக்குக் கொடுக்கக் கூடாது, தீர்ந்துபோனால் மாற்றாக எதை மருத்துவரிடம் கேட்பது.

முதல் கணக்கு மழைக்கு முன்பே தொடங்குகிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியே அனுப்புகிறது. சாலை துண்டிக்கப்படும் என்று தெரிந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஐப்பசிக்கு முன்பே சரக்கு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்; பெட்டிகள் தரையில் இல்லாமல் மேல் தட்டில் இருக்க வேண்டும்.

நிவாரண முகாமில் தொற்றுநோய் தலைகாட்டும் முன்பே சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு ஆகியவற்றுக்கான அன்றாட மருந்துகளைக் கேட்டு ஆட்கள் வருவார்கள். 2015 டிசம்பரில் சென்னையில் நடந்ததுபோல வீடே மூழ்கும்போது மருந்துச் சீட்டும் சேர்ந்து போய்விடுகிறது. “பிரஷருக்கு, சின்ன வெள்ளை மாத்திரை” என்றால் அது எதுவாகவும் இருக்கலாம். சுருக்குப்பையில் ஒரு காலி அட்டை கிடைத்து, அதில் பெயரும் மில்லிகிராமும் அழியாமல் இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. வலிப்பு மருந்தை ஓரிரு நாள் நிறுத்தினாலே வலிப்பு திரும்பலாம் என்பதால் அதைக் கேட்பவர்களுக்கு முன்னுரிமை. பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். மின்சாரம் இல்லாதபோது ஈர மணலில் வைத்த மண்பானை ஓரளவு கைகொடுக்கும். நேரே ஐஸில் புதைத்து உறைந்துபோன இன்சுலினைத் தூக்கியெறியத்தான் வேண்டும்.

தண்ணீர் வடியும் நேரத்தில் எலிக்காய்ச்சல் பயம். சேற்றில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு மருத்துவர் ஆலோசனைப்படி வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் தரப்படுவதுண்டு. அள்ளிக் கொடுத்துவிட முடியாது: கர்ப்பிணியா, சிறு பிள்ளையா என்று கேட்டாக வேண்டும். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகலாம்.

கொள்ளைநோய்க் காலத்தில் நோயைவிட வதந்தி வேகமாகக் கடைக்கு வரும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு மருந்தென்று ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் அப்படித்தான் தேடப்பட்டது; மூட்டுவாதத்துக்கும் லூபஸுக்கும் அதையே நம்பியிருந்தவர்களுக்குத் தட்டுப்பாடு வரும் நிலை. மத்திய அரசு அம்மாதமே அதை எச்1 பட்டியலில் சேர்த்ததால் சீட்டின்றி விற்கத் தடை, ஒவ்வொரு விற்பனையும் தனிப் பதிவேட்டில். அடுத்த மாதம் தெலங்கானா, ஆந்திரம், மகாராஷ்டிர அரசுகள் காய்ச்சல், இருமல் மருந்து வாங்குவோரின் விவரத்தைக் குறிக்கச் சொன்னபோது, கடை நோட்டு நோயைத் தேடும் கருவியும் ஆனது.

பேரிடரின் கடைசிச் சுமை, நல்லெண்ணத்தோடு வந்து குவியும் மருந்துகள். 2004 சுனாமிக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சேவுக்கு ஏறத்தாழ 4,000 டன் மருந்துகள் வந்திறங்கின. பலவற்றின் மேலுறை உள்ளூர்க்காரர்களுக்குப் புரியாத மொழியில் இருந்தது, சில காலாவதியானவை. அவற்றைப் பிரித்து, கணக்கெழுதி, உதவாததைப் பாதுகாப்பாக அழிப்பதும் மருந்தாளுநரின் வேலைதான்.